சந்தனத்தைச் சுரண்டின இடம்

கம்முனு படுத்தா கம்முனு படுக்கலாமில்ல? இந்த மனசு எங்க படுக்குது. பூசை முடிஞ்சாச்சு, கற்பூரம் காட்டியாச்சு, பொரி கடலையைப் பொட்டலம் மடிச்சு அக்கம்பக்கமெல்லாம் குடுத்தாச்சு, வடை பாயசத்தோட சாப்பிட்டு இலையும் எடுத்தாச்சு. வருசத்துல இந்த ஆயுத பூசை ஒரு நாள்தான் நான் பட்டப்பகல்ல பாயை விரிச்சுக் காலை நீட்டறது. தரை சில்லுனு இருக்குது. காலைல கழுவி விட்ட ஈரம் இன்னும் பாய் வழியா முதுகுக்கு ஏறுது. வயிறு நெறஞ்சு கெடக்குது. ஜன்னல்ல கட்டுன மாவிலை காத்துக்கு லேசா ஆடுது. எதுத்தாப்புல மேசை மேல என்ற கம்ப்யூட்டரு, செவ்வந்தி மாலையும் சந்தனம் குங்குமமுமா கல்யாணப் பொண்ணாட்டம் உக்காந்திருக்குது. பாக்கறவங்களுக்கு அப்படித்தான் தெரியும். உள்ளுக்குள்ள என்னன்னு எனக்குத்தான் தெரியும். எனக்கும் தெரியாது, அதுதானே கெரகமே. உசுரு இருக்குதா போச்சான்னு தெரியாம ஒரு பொண்ணுக்கு மாலை போட்டு உக்கார வச்சிருக்கறோம். சீ, நோம்பி நாளும் அதுவுமா என்ன பேச்சு இது, வாயைக் கழுவோணும். வாய் எங்க பேசுச்சு, மனசைத்தான் கழுவோணும். மனசைக் கழுவற சோப்பு எந்தக் கடையில விக்குதோ. அந்தப் பக்கத்து ரூம்புல இவரு குறட்டை விடறாரு. நாச்சிமுத்துக் கவுண்டரு குறட்டை விட்டா எங்க வீதியில யாரு வீட்டு நாயும் குலைக்காது. நல்லா தூங்கட்டும். நேத்து வரைக்கும் டெம்போல லோடு ஏத்தி எறக்கி அலைஞ்ச மனுசன். நான் இங்க முழிச்சுக்கெடந்து பாத்துக்கறேன். எதைப் பாத்துக்கறது? மாலை போட்ட டப்பாவையா? அது எந்திரிச்சு ஓடவா போகுது.

எல்லாம் போன வருசம் எனக்கு வந்த பக்தியால வந்த வினை. வருசா வருசம் பூசைக்கு முந்தி டப்பாவோட பக்கத்து மூடியக் கழட்டிப் பெயிண்ட் பிரஷ்ஷால தூசி தட்டுவேன். திருப்பூர்ல தூசின்னா வேற ஊருத் தூசி மாதிரி இல்ல, பஞ்சு. பனியன் கம்பெனிப் பஞ்சு காத்துல வந்து ஃபேன்ல சுத்திக்கிட்டுக் குட்டித் தலகாணியாட்டம் ஆயிப் போகும். அதையெல்லாம் எடுத்துட்டு மூடியப் போட்டு, மூடி மேல பொட்டு வைக்கறதுதான் வழக்கம். போன வருசம் மூடி தொறந்து கெடக்கறப்பவே இவரு சந்தனக் கிண்ணத்தக் கையில குடுத்துட்டாரு. எனக்கு ஒரு யோசனை. மூடிங்கறது வெறும் தகரம், வேலை செய்யறது உள்ள இருக்கற இந்தப் பச்சைத் தகடு, மதர்போர்டு. வேலை செய்யறவளை விட்டுப்போட்டு வாசக்கதவுக்கா பொட்டு வைப்பாங்க? அதும் பேருலயே மதர் இருக்குதுன்னு தாரணி வேற சொல்லியிருந்தா, எம்பொண்ணு, சேலத்துல காலேஜ் படிக்கறவ. ஒண்ணும் இல்லாத வெத்து எடமாப் பாத்து மோதர விரலால சந்தனத்த வச்சு, நடுவுல குங்குமமும் வச்சு, தொட்டுக் கும்பிட்டு மூடியப் போட்டுட்டேன். வருசம் பூரா ஒரு குத்தமும் இல்ல. பொட்டு வச்ச தைரியத்துல ஓடுதுன்னு பெருமை வேற. இன்னிக்குக் காலைல தொறந்து பாக்கறேன், சந்தனம் காஞ்சு, வெடிச்சு, பக்குக் கட்டிக் கெடக்குது. பழைய பொட்டு மேல புதுப் பொட்டு வைக்க மனசு வருமா? துணியால தொடச்சேன், போகல. நகத்தால சொரண்டுனேன், நகம் வளைஞ்சுது. தண்ணி தொடலாமா கூடாதான்னு பயம். ஜன்னல்ல டெஸ்டர் இருந்துச்சு. இந்த டெஸ்டர் இருக்குதே, கரண்டு பாக்கறதுக்குன்னு வாங்கறது, அதுக்குத் தவிர மத்த எல்லாத்துக்கும் ஆகும் எங்க வீட்ல. டப்பா மூடி நெம்பறது, ஸ்டவ் பர்னர் குத்தறது, வாஷிங் மிஷின்ல மாட்டுன கொக்கிய எடுக்கறது. அதால மெதுவா, மெதுவாத்தான், ஓரத்துலேர்ந்து நெம்பினேன். பக்கு படக்குனு பேந்துச்சு. பேந்த வேகத்துல டெஸ்டர் வழுக்கிச் சர்ருனு போயிருச்சு.

சர்ருனு. அந்தச் சத்தம் இன்னும் காதுல கேக்குது. சிலேட்டுல ஆணியால இழுத்தாப்புல. மூணு கீறல். ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு, மூணாவது வளைஞ்சு போயி மயிர் மயிரா ஓடற கோட்டுக்கு நடுவால குறுக்க விழுந்திருக்குது. வெத்து எடம்னு நான் நெனச்ச எடம் வெத்து எடமே இல்ல. குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது, பச்சைக்குக் கீழ எத்தனை கோடு, பட்டுச்சேலை பார்டர்ல நூல் ஓடறாப்புல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒட்டி ஓடுது. இத்தனை வருசமா இதைத் தூசி தட்டறேன், பாத்ததே இல்ல. கீறுன எடத்துல செம்பு பளிச்சுனுச்சு. அறுந்திருச்சா? கண்ணைக் கசக்கிட்டு மறுபடி பாக்கறதுக்குள்ள இவரு வெளியிலேர்ந்து கத்தறாரு. "ஏம்புள்ள, நல்ல நேரம் முடியுது, உள்ள என்னத்தச் செதுக்கிட்டு இருக்கற?" செதுக்கித்தான் போட்டேன், சரியாத்தான் கேட்டாரு. மூடியப் போட்டு ஸ்க்ரூவ முறுக்கி, மூடி மேல நல்ல புள்ளையாட்டம் பொட்டு வச்சேன். டெஸ்டருக்கும் ஒரு பொட்டு வச்சேன், அது ஆயுதமில்லாம வேற என்ன, காரியத்தக் காட்டிருச்சே. அவரு கற்பூரத் தட்டோட வந்து நின்னு, டெம்போக்குக் காட்டி, என்ற மிஷினுக்குக் காட்டி, மணியடிச்சு, பூசணிக்காய வாசல்ல போட்டு ஒடச்சு, டெம்போவ எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி எறக்கி, எல்லாம் முடிஞ்சுது. கும்பிடறப்ப நான் சாமிகிட்ட என்ன கேட்டேன்? புருசன் புள்ள நல்லாருக்கோணும்னு கேட்டனா? அந்தக் கோடு அறுந்திருக்கக் கூடாது சாமின்னு கேட்டேன். கேக்கறப்பவே வெக்கமா இருந்துச்சு, ஆனாலும் அதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

இப்ப ஒரு சுச்சைப் போட்டா தெரிஞ்சு போகும். ஒரே ஒரு சுச்சு. போட முடியாது. பூசையில வச்சதை இன்னிக்குத் தொடக்கூடாது, நாளைக்கு விஜயதசமியன்னிக்கு மறுபூசை போட்டு, நல்ல நேரம் பாத்துத்தான் எடுக்கோணும். இவரு எதுல வேணா விட்டுக்குடுப்பாரு, இதுல விட மாட்டாரு. கல்யாணமான புதுசுல ஒரு ஆயுத பூசையன்னிக்கு நான் கத்தரிக்கோலை எடுத்துப் பூத் தண்டை வெட்டிட்டேன்னு அன்னிக்குப் பூரா என்றகூடப் பேசல. ஒரு கத்தரிக்கோலுக்கு. "அதுகளும் நம்மளாட்டம்தான் புள்ள, ஒரு நா லீவு விடோணும்"ங்குவாரு. "உங்க டெம்போ மட்டும் எலுமிச்சம்பழத்து மேல ஏறலாமாக்கும்?"னு நான் கேப்பேன். "அது பூசையில சேர்ந்தது, வேலையில சேராது." கோர்ட்டுல வக்கீலா நின்னிருக்கோணும், டெம்போ ஓட்டறாரு. ஆனா நெசமாச் சொன்னா எனக்கும் இந்த லீவு புடிக்கும். வீதியே அடிச்சுப் போட்டாப்புல அமைதியா இருக்குது. மத்த நாள்ல விடிஞ்சா பக்கத்து வீட்டு ஓவர்லாக் மிஷினு கர்ருகர்ருனு, அதுக்கு அக்கட்டால பிரிண்டிங் பட்டறை, கம்பெனி சங்கு, லோடு வண்டி ஹாரன். இன்னிக்கு ஒரு மிஷினும் மூச்சு விடல. எங்கயோ மைக் செட்டு, எங்கயோ ஒரு கொழந்தை ஊதி ஊதி பீப்பியை ஒடைக்குது, அவ்வளவுதான். ஊரே கையைக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்குது. இந்த அமைதியில படுத்துக்கெடக்கறது பாயசம் குடிச்சாப்புல தித்திப்பா இருக்குது. நடுவுல நடுவுல ஒரு கல்லு கடிபடுது, அதுதான். அறுந்திருக்குமா, அறுந்திருக்காதா.

அறுந்திருந்தா என்ன, வேற போர்டு வாங்கிப் போட்டுக்கலாமில்லன்னு யாரும் கேப்பாங்க. அதுதான் முடியாது. நான் பண்றது எம்ப்ராய்டரி டிசைன். கம்பெனிக்காரங்க படத்தக் குடுப்பாங்க, பூவோ பொம்மையோ, அதைப் பாத்து நான் கம்ப்யூட்டர்ல தையலா மாத்திக் குடுக்கோணும். எங்க ஊசி எறங்கோணும், எந்தப் பக்கம் திரும்போணும், எந்த நூலு முந்தி, எந்த நூலு பிந்தின்னு. அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேரு. அது இந்த போர்டோட சேத்துப் பதிஞ்சது. இதுக்கும் அதுக்கும் தாலி கட்டுன மாதிரி. போர்டு மாறுனா அது நீ யாருன்னு கேக்கும், தொறக்காது. தொறந்து விடறதுக்கு வித்த கம்பெனிக்காரன் வரோணும். அவன் கோயமுத்தூர்ல ஆபீஸு வச்சிருந்த எடத்துல இப்ப பிரியாணிக் கடை நடக்குது. புதுசா வாங்கறதெல்லாம் நம்ம கைக்கு எட்டற சமாச்சாரமில்ல. பென்டிரைவ்ல நான் போட்ட டிசைன் அத்தனையும் இருக்குது, இருந்து என்ன, பூட்டுக்குள்ள இருக்கற நகையாட்டம். அதுல இப்ப ஓடிட்டு இருக்கறது ஒரு ஒட்டகச்சிவிங்கி, வெள்ளைக்காரக் கொழந்தைங்க தூங்கறப்ப போட்டுக்கற சட்டையில நெஞ்சுல நிக்கறது. பாதி கழுத்து வரைக்கும் வந்திருக்குது. இந்த போர்டு போனா ஒட்டகச்சிவிங்கியும் போச்சு, நானும் போனேன். நான் எங்க போவேன்? திரும்பவும் செக்கிங் டேபிளுக்குத்தான்.

செக்கிங் டேபிள். அங்க பேரு இல்ல. டியூப் லைட்டுக்குக் கீழ வரிசையா நிக்கோணும், பனியனைப் புரட்டிப் புரட்டி ஓட்டை இருக்குதா கறை இருக்குதான்னு பாத்துத் தள்ளோணும், பொழுதோட காலு வீங்கிச் செருப்புக்குள்ள நொழையாது. சூப்பர்வைசரு கைய நீட்டி, "ஏ பச்சைச் சேலை"ம்பான். மறுநாள் மஞ்சச் சேலை கட்டிட்டுப் போனா "ஏ மஞ்சச் சேலை." நான் கோகிலவாணி. எங்கப்பன் ஆசையா வச்ச பேரு. அங்க ஒரு தடவை யாரும் கூப்பிட்டதில்ல. இப்ப கம்பெனிக்காரங்க போன் பண்ணா, "கோகிலாம்மா, இந்தக் கொக்கு காலு நீங்க போட்டாத்தான் சரியா வரும்"ங்கறாங்க. எத்தனை பெரிய வார்த்தை. நான் போட்டாத்தான். அதை மொத தடவை கேட்ட அன்னிக்கு நைட்டுச் சாப்பாட்டுல எனக்கு உப்பு ஒறைப்பு தெரியல. இவருகிட்டச் சொன்னேன், "ஓஹோ, அப்படியா"ன்னாரு. இவருக்கு அதெல்லாம் புரியாது. அவரு வண்டியில போறப்ப நான் வேலைய ஆரம்பிப்பேன், வர்றப்ப மூடி வச்சிருப்பேன். கம்ப்யூட்டருன்னா ஒரு டிவின்னு நெனப்பு. நல்ல மனுசன்தான். தங்கமான மனுசன். சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் வச்சு விடச் சொல்லி என்ற முன்னால வந்து உக்காந்துக்குவாரு, தாரணி சிரிப்பா. தாரணிக்குப் பரீட்சைங்கறதால இந்த நோம்பிக்கு வரல. இருந்திருந்தா, "அம்மா மதர்போர்டைக் கொலை பண்ணிடுச்சு"ன்னு வீதி பூரா பரப்பியிருப்பா. நல்ல வேளை.

என்ன வாசனை அது? ஏதோ கருகறாப்புல. எந்திரிச்சு உக்காந்துட்டேன். கம்ப்யூட்டருகிட்டப் போயி மோந்து பாத்தேன். செவ்வந்தி, விபூதி, கற்பூரக் கரி. கரண்டே இல்லாதது எப்படிக் கருகும், கிறுக்கி. மறுபடி படுத்துட்டேன். மாலை ஒரு பக்கம் சரிஞ்சிருந்துச்சு, சரி பண்ணலாமான்னு கை போச்சு, தொடக்கூடாதுன்னு இழுத்துக்கிட்டேன். மாலையைத் தொட்டா பொத்தானைத் தொடற கை எனக்கு. மத்தியானம் சாப்பிடறதுக்கு முந்தி, இவரு வாசல்ல பொரி குடுத்துட்டு நிக்கறப்ப, கொல்லைப்பக்கம் போயி ரூபனுக்குப் போன் போட்டேன். ரூபன்தான் கம்ப்யூட்டருக்கு ஏதாவதுன்னா வந்து பாக்கற தம்பி. "கீறிப்புட்டேன் தம்பி, டெஸ்டர்ல." "அச்சச்சோ. கோடு அறுந்திருக்காக்கா, இல்ல மேல பச்சை மட்டும் உரிஞ்சிருக்கா?" "அதுதான் தெரியலியே." "பச்சை மட்டும் போயிருந்தா ஒண்ணும் ஆகாதுங்க. கோடு அறுந்திருந்தாத்தான் வம்பு. தொறந்து நல்லாப் பாருங்க, உரிஞ்ச எடத்துல நெயில் பாலிஷ் லேசாத் தொட்டு வச்சு, நல்லாக் காயவிட்டுப் போடுங்க." "தொறக்க முடியாதே தம்பி, பூசையில இருக்குதே." அவன் சிரிச்சுட்டான். "அப்ப நாளைக்குத்தான். நானும் வர முடியாதுங்கக்கா, எங்கடையில சால்டரிங் அயர்ன் வரைக்கும் பொட்டு வச்சாச்சு." பாரு, ஊர்ல ஒரு ஆயுதம் ஃப்ரீயா இல்ல. இந்த ஊர்ல இன்னிக்கு யாருக்கு என்ன ஒடஞ்சாலும் நாளைக்குத்தான். நகத்துக்குப் பூசறதைக் கம்ப்யூட்டருக்குப் பூசலாம்ங்கறது ஒரு ஆச்சரியம். நான் நெனச்சுக்கூடப் பாத்ததில்ல. நான் பொட்டு வச்சேன், அவன் நகப்பூச்சு வைங்கறான், இன்னும் கொஞ்சம் போனா வளையலும் போட்டுச் சீமந்தம் பண்ணிரலாம்.

இவருகிட்டச் சொல்லலாமா, வேண்டாமா. சொல்லாம இருக்கறதுதான் சுளுவு. நாளைக்கு ஓடுச்சுன்னா ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. ஓடலைன்னா, பழைய மிஷினு, காலம் வந்திருச்சு, போயிருச்சுன்னு சொல்லீரலாம். மூடியத் தொறந்து பாத்தாலும் எது கீறல் எது கோடுன்னு அவருக்கென்ன தெரியும். ரெண்டு பக்கமும் நான் தப்பிச்சுக்கலாம். அப்புறம் ஏன் இப்படி நெஞ்சுல குறுகுறுங்குது. அவரு திட்ட மாட்டாரு, அது எனக்குத் தெரியும். திட்டுனாக்கூடத் தேவலை. "போச்சாது விடு புள்ள, செக்கிங்குக்கே போயிக்கலாம்"னு சாதாரணமாச் சொல்லிருவாரோன்னுதான் பயமா இருக்குது. ஆறுதலுக்குத்தான் சொல்லுவாரு. அந்தப் போச்சாதுவை என்னால தாங்க முடியாது. போச்சாதுன்னு விடறதுக்கு இது கால் ஒடஞ்ச சேரா? எனக்குள்ள இருக்கறது அத்தனையும் அந்த டப்பாவுக்குள்ள இருக்குது. ரோசாவுக்கு இதழ் எப்படி மடியோணும், கோழிக்குஞ்சு மேல தையல் எந்தச் சாய்வுல போனா புசுபுசுன்னு தெரியும், எல்லாம் அதுக்குள்ளதான். அது நின்னு போச்சுன்னா நான் வெறும் பச்சைச் சேலை.

சரி, அதையே நெனச்சுட்டு இருந்தா இந்த நாளு வீணாப் போகும். வருசத்துக்கு ஒரு நாளு. பாரு, வெயிலு எப்படித் தரையில ஜன்னல் கம்பிய வரிவரியா வரைஞ்சிருக்குது. நல்லாருக்குது. அந்த வரிங்களுக்கு நடுவுல ஒரு எறும்பு பொரியை இழுத்துட்டுப் போகுது, அதைவிடப் பெரிய பொரி. அதுக்கு மட்டும் பூசை கெடையாது போல, வேலை பாக்குது. இவரு குறட்டை ஒரு நிமிசம் நின்னு, பொரண்டு படுத்து, மறுபடி ஆரம்பிக்குது. வாசல்ல டெம்போவும் வாழைக்கன்னு கட்டிக்கிட்டு, பலூனோட, ஞாயித்துக்கிழமைக் கொழந்தையாட்டம் நிக்குது. எனக்கு இதெல்லாம் புடிச்சிருக்குது. இந்த வீடு, இந்தச் சந்தன வாசனை, கையில ஒட்டியிருக்கற வெல்லப் பிசுபிசுப்பு, எந்திரிக்க வேண்டியதில்லைங்கற நெனப்பு. சந்தோசமாத்தான் இருக்கறேன். சந்தோசமா இருக்கறப்பத்தான் பயமும் ஜாஸ்தியா வருது, அது என்ன கணக்கோ. செக்கிங்குக்குப் போயிட்டு இருந்தப்ப எனக்கு ஒரு பயமும் இருந்ததில்ல. போறதுக்குன்னு ஒண்ணு இருந்தாத்தானே போயிருமோன்னு பயப்பட. அறுந்திருக்காது. செம்பு பளிச்சுனு தெரிஞ்சுதே, அறுந்திருந்தா நடுவுல இருட்டாத் தெரியோணுமில்ல? பளிச்சுனு தெரிஞ்சுதுன்னா கோடு இருக்குதுன்னுதானே அர்த்தம்? இல்ல, அறுந்த முனையும் பளிச்சுனுதான் தெரியும். ஓடிட்டு இருந்த எண்ணம் கடைசியில அங்கதான் வந்து முட்டுது. எந்த வழியாப் போனாலும் அதே சந்து. கண்ணை மூடினா கீறல், கண்ணைத் தொறந்தா மாலை. எப்பத் தூங்கினேன்னு தெரியல.

எந்திரிக்கறப்ப வெயிலு சாஞ்சிருச்சு. இவரு முந்தியே எந்திரிச்சுக் காப்பி போட்டுட்டாரு. நோம்பி நாள்ல அடுப்புகிட்ட நின்னு காப்பி போடற மனுசனைப் பாத்தா, மனசுல வச்சிருக்கறது நிக்குமா? டம்ளரைக் கையில வாங்கினேன், ஒரு வாய் குடிச்சேன், கடகடன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். பொட்டு வச்சது, டெஸ்டரு, சர்ருனு போனது, சாஃப்ட்வேரு, பிரியாணிக் கடை, செக்கிங், ரூபன் சொன்ன நெயில் பாலிஷு. கண்ணுல தண்ணி வேற. அவரு டம்ளரைக் கீழ வச்சாரு.

"இதைக் காலைலேர்ந்து வச்சுட்டா சுத்தற?"

"ஆமாங்க."

"சாப்பிடறப்ப கூட?"

"வடை நாலு தின்னேன், ஆனாலும் உள்ள இருந்துச்சுங்க."

"எந்திரி."

"எதுக்குங்க?"

"தொறந்து பாக்கலாம்."

எனக்குக் காதுல விழுந்தது சரிதானான்னு சந்தேகம். "இன்னிக்கா? தொடக்கூடாதுங்கறது நீங்கதானே?"

"வேலை செய்யத்தான் தொடக்கூடாது. அடிபட்டதைப் பாக்கறதுக்கு என்ன வந்துச்சு? ஒரு வண்டி ரோட்டுல கவுந்து கெடந்தா, பூசையில இருக்குதுன்னு விட்டுப்போட்டா வருவேன்?" சொல்லிட்டே போயி அதுக்கு முன்னால நின்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. மெதுவா மாலையக் கழட்டி ஆணியில மாட்டுனாரு. அந்தக் கத்தரிக்கோலுக்குப் பேசாம இருந்த மனுசன்.

நான் ஸ்க்ரூவக் கழட்டினேன். பொட்டு வச்ச டெஸ்டராலதான், வேற என்ன இருக்குது. அவரு தரையில மண்டி போட்டுக்கிட்டு டார்ச் அடிச்சாரு. ரெண்டு பேரு தலையும் டப்பாவுக்குள்ள முட்டிக்குச்சு. கண்ணுக்குச் சரியாத் தெரியலைன்னு போன்ல போட்டோ எடுத்துப் பெருசு பண்ணிப் பாத்தோம். முதல் கீறல்ல பச்சை மட்டும்தான் போயிருக்குது. ரெண்டாவதுலயும் அப்படித்தான். மூணாவதை அவரு விரலால இழுத்து இழுத்துப் பெருசு பண்ணிக்கிட்டே போனாரு. "அறுகல புள்ள. இத பாரு, இங்க வருது, இங்க போகுது. வயர்ல மேல்தோலு உரிஞ்சாப்புல, உள்ள கம்பி முழுசா இருக்குது."

"நெசமாவாங்க?"

"வண்டி வயரைப் பாத்த கண்ணு இது."

தாரணியோட நெயில் பாலிஷு அலமாரியில கெடந்துச்சு. ஊதா கலரு, மினுக்கு மினுக்குனு ஜிகினா போட்டது. வேற இல்ல. ஸ்டியரிங் புடிச்சுக் காப்புக் காய்ச்சிப் போன கையி, அந்தக் குட்டி பிரஷ்ஷைப் புடிச்சுக்கிட்டு, கொழந்தைக்குக் கண்மை வைக்கறாப்புல ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு தொடல் வச்சுது. அப்புறம் காயறதுக்காக உஃப் உஃப்புன்னு ஊதுனாரு. நான் சிரிச்சேன், அவருக்கும் சிரிப்பு வந்து டார்ச் ஆடுச்சு. எத்தனை நேரம் அப்படி உக்காந்திருந்தோமோ, எதுத்த வீட்ல வெளக்கு வச்சுட்டாங்க. அந்த நேரத்துல எனக்குப் பயப்படவே மறந்து போச்சு.

"போடு."

"போட்டா வேலையில சேருமேங்க?"

"போடாம எப்படிப் பாக்கறது? நான் சாமிகிட்டச் சொல்லிக்கறேன்."

பொத்தானை அமுக்குனேன். ஒண்ணும் இல்ல. ஒரு சத்தமும் இல்ல. இவரு குனிஞ்சு பாத்துட்டு, "கீழ யூபிஎஸ்ஸே போடல"ன்னாரு. அவரே போட்டாரு. மறுபடி அமுக்குனேன். ஃபேன் சுத்துச்சு. பீப்புனு ஒரு சத்தம். திரை கொஞ்ச நேரம் கருப்பாவே நின்னு, அப்புறம் எழுத்து வந்துச்சு, எப்பவும் வர்ற அதே வெள்ளை எழுத்து. சாஃப்ட்வேரைத் தொறந்தேன். நீ யாருன்னு கேக்கல. கழுத்துப் பாதியோட ஒட்டகச்சிவிங்கி வந்து நின்னுச்சு. சேலைத் தலைப்புல மூக்கைத் தொடச்சேன்.

அவரு போவாருன்னு பாத்தேன், போகல. சேரை இழுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காந்தாரு. "இதுல என்னதான் பண்ணுவ நீயி? காட்டு பாக்கலாம்." இத்தனை வருசத்துல முதல் தடவை. ஓட்டிப் பாக்கறதுக்குன்னு ஒரு பட்டன் இருக்குது, அதை அமுக்குனா ஊசி எந்த வழியில போகுமோ அதே வழியில ஒவ்வொரு தையலா திரையில விழும். அமுக்குனேன். குளம்பு வந்துச்சு, காலு வந்துச்சு, வயித்துல புள்ளி ஒவ்வொண்ணா எழுந்துச்சு. நூலு ஒரு எடத்துல திரும்பறப்ப அவரு விரலை வச்சாரு. "இங்க ஏன் இப்படிச் சுத்திப் போகுது?" "நேராப் போனா துணி இழுத்துக்குங்க. கொழந்தை நெஞ்சுல குத்தும்." "இதை யாரு சொல்லிக் குடுத்தா?" "யாருங்க சொல்லிக் குடுக்கறா, போட்டுப் போட்டுப் பாத்ததுதான்." "ஒவ்வொரு தையலுமா?" "ஒவ்வொண்ணும்தாங்க. நான் வைக்கற எடத்துலதான் அது எறங்கும்." பாதிக் கழுத்துல வந்து நின்னுச்சு. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, வெள்ளையா கெடந்துச்சு.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க நான் போட்டிருக்கறேன்."

அவரு அந்த வெள்ளை எடத்தை விரலால தொட்டுப் பாத்தாரு. அப்புறம் என்ற பக்கம் திரும்பி, ஏதோ தப்புப் பண்ணுனவராட்டம் மெதுவாச் சொன்னாரு. "இத்தனை நாளும் இதெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேன் புள்ள."

அட சாமீன்னு சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு எனக்கு. கேலி பண்றதுக்கு வாயைத் தொறந்தேன். எல்லாம் அந்த டப்பாவுக்குள்ளதான் இருக்குதுன்னு பாயில படுத்துப் பொலம்புனது ஞாபகம் வந்துச்சு. காலைலேர்ந்து நான் மட்டும் வேற என்னத்த நெனச்சுட்டுக் கெடந்தேன்?